மரத்தில் போல்ட் படி: துளையில் தொடங்கும் தவறுகள்

அமெரிக்காவில் வெண்வால் மானை வில்லால் வேட்டையாடுபவர்கள் 15 முதல் 20 அடி உயரத்தில் பரண் மாட்டிக் காத்திருப்பார்கள். மேலே ஏற ஏணி முதல் திருகுப் படி (மரத்தில் திருகி ஏற்றும் கால்படி) வரை பல வழிகள் உண்டு. ஆனாலும் மரத்தில் துளையிட்டு, அரை அங்குல எஃகு போல்ட்டைக் கையால் செருகி, அதன்மேல் கால் வைத்து ஏறும் முறைக்குத் தனி மவுசு. 20 அடிக்கு 15 போல்ட் போதும். மொத்த எடை இரண்டரை கிலோவுக்குச் சற்று அதிகம், சத்தமும் வராது. இறங்கும்போது உருவிக்கொண்டால் அந்த மரத்தில் வேறு யாரும் ஏறி உட்கார முடியாது. (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கக் காடுகளுக்கு மட்டுமே.)

டிரில்லை எடுக்கும் முன்பே செய்யும் தவறு, மரம் யாருடையது என்று பார்க்காதது. மிச்சிகனில் பொது நிலத்து மரத்தின் பட்டையைத் துளைத்துப் போகும் எதையும் பயன்படுத்தக் கூடாது. மிசூரியின் அரசுப் பாதுகாப்பு நிலங்களிலும் ஆணி, திருகுப் படி இரண்டுக்கும் தடை. வேறு பல மாநிலங்களிலும் இதே கதைதான். ஆக, போல்ட் பெரும்பாலும் தனியார் நிலத்துக்கான வேலை. அங்கும் வேட்டைக்குக் கிடைத்த அனுமதி துளையிடுவதற்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை ஓக், கறுப்பு வால்நட் போன்ற மரங்களில் தரையிலிருந்து முதல் 16 அடித் துண்டுதான் அதிக விலைக்குப் போகும். நாம் துளைபோடுவதும் அந்த 16 அடியில்தான். விலைபோகாத கோணல் மரத்தை நில உரிமையாளரே காட்டட்டும்.

அடுத்து மரத் தேர்வு. உயிருள்ள, 10 முதல் 18 அங்குலக் குறுக்களவுள்ள கடினமரம் வேண்டும். ஆஷ் மரத்தைத் தொடவே வேண்டாம். 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் வண்டு அந்த மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவருகிறது. செத்த ஆஷ் சீக்கிரமே மொறுமொறுப்பாகி ஒடியும். ஓக் மரமானால் காலமும் முக்கியம். ஏப்ரல் முதல் ஜூலை வரை போடும் புதுக்காயத்தின் சாற்றுக்கு வரும் வண்டுகள் ஓக் வாடல் நோயின் பூஞ்சையைக் கொண்டுவந்துவிடும். அக்டோபர் வேட்டைக்கு ஜூனில் துளைபோட்டு வைக்கும் சுறுசுறுப்பு மரத்துக்கே வினையாகும். பிப்ரவரியில் போடுங்கள். இலையில்லாத காட்டில் மான் தடமும் நன்றாகத் தெரியும்.

போல்ட் வாங்கும்போது தலையைப் பாருங்கள். அங்குள்ள குறி அதன் கிரேடைச் சொல்லும், அதாவது எஃகின் வலுத்தரத்தை. மையத்திலிருந்து விரியும் 6 கோடுகள் இருந்தால் அது கிரேடு 8. மூன்று என்றால் கிரேடு 5. கோடே இல்லாதது கிரேடு 2, விலை மலிவு. வித்தியாசம் கணக்குப் போட்டால் புரியும். 100 கிலோ ஆள் மரத்திலிருந்து 3 அங்குலம் தள்ளி மிதித்தால் அரை அங்குல போல்ட்டில் எழும் வளைவு அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 54,000 பவுண்டு. கிரேடு 2 சுமார் 57,000-இல் நிரந்தரமாக வளையத் தொடங்கும். கொஞ்சம் துள்ளி மிதித்தாலே போச்சு. கிரேடு 8 சுமார் 1,30,000 வரை தாங்கும். மரத்தை ஒட்டி ஓர் அங்குலத்தில் மிதித்தால் அழுத்தம் மூன்றில் ஒன்றாகும். பூட்ஸை அடிமரத்தோடு உரசி வைக்கச் சொல்வது அதனால்தான்.

முழு நீளமும் மரையுள்ள கம்பியை வெட்டிச் செருகுவது இன்னொரு சிக்கனம். மரையின் அடிக்குழியில் விட்டம் 0.4 அங்குலம்தான் தேறும், வளைவைத் தாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். 6 அங்குல போல்ட்டில் நுனியிலுள்ள ஒன்றேகால் அங்குலம் மட்டும் மரை. அது மரத்தின் ஆழத்தில் போய்விடும், பளு விழும் இடத்தில் வழவழப்பான தண்டு நிற்கும்.

ஆனால் நல்ல போல்ட்டையும் கெடுப்பது துளைதான். ஆழம் 3 அங்குலம் என்றால் கட்டையில் 3 அங்குலம், பட்டையைச் சேர்த்து அல்ல. பட்டை பளுவைத் தாங்காது. தடித்த பட்டையுள்ள மரத்தில் அதை மறந்தால் போல்ட் 2 அங்குலப் பிடியில் தொங்கும். பட்டையின் கனத்தையும் கூட்டி ஆகர் பிட்டில் (முறுக்கு வடிவ மரத் துளைப்பு அலகு) டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டை பிட் ஆடும், துளை அகலும், போல்ட் லொடலொடக்கும்.

சாய்வில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். துளையின் உள்முனை 5 முதல் 10 டிகிரி கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டின் தலை சற்று நிமிர்ந்து நிற்கும், கால் வழுக்காது. கையைத் தலைக்கு மேலே தூக்கித் துளைத்தால் பிட் தானாகவே மேல்நோக்கிப் போகும், போல்ட் வெளிப்பக்கம் சரியும். மிதிக்க மிதிக்க உருவிக்கொண்டு வரும். எனவே நெஞ்சுயரத்துக்கு மேல் துளைக்காதீர்கள். கீழே உள்ளதைச் செருகி, ஏறி, மரத்தைச் சுற்றிக் கட்டிய இடுப்புக் கயிற்றில் சாய்ந்து அடுத்ததைப் போடுங்கள். சாய்வை அளவுக்கு மீறிக் கூட்டினாலும் துளை நீர்க்கிண்ணமாகும். டிசம்பரில் உள்ளே பனிக்கட்டி நிற்கும், போல்ட் நுழையாது.

படிக்குப் படி 16 அங்குலம், இடமும் வலமுமாக மாற்றி. ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் போட்டால் அழுகல் ஒரு துளையிலிருந்து மறு துளைக்கு இறங்கும். மரம் காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பும். ஆனால் மேலும் கீழும் ஓடும் நார்த்திசையில்தான் அந்தச் சுவர் பலவீனம்.

ஏறும்போது முழு உடல் ஹார்னெஸும் (விழாமல் தாங்கும் வார்ப்பட்டை) மரத்தைச் சுற்றிய இடுப்புக் கயிறும் தரையிலிருந்தே வேண்டும். கயிறு போல்ட் தலையில் சிக்கும். ஒவ்வொரு முறையும் தூக்கி மேலே போட வேண்டியிருக்கும். அந்த எரிச்சலில் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. விழுந்தால் கீழே நீட்டிக்கொண்டிருப்பவை உங்கள் போல்ட்டுகளேதான். பாதுகாப்புக் கயிற்றைப் போல்ட்டில் கட்டவும் கூடாது. மரத்தைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். பரணின் மட்டத்தோடு படியை நிறுத்திவிடாதீர்கள். மேலும் 3 அடிக்குப் போல்ட் இருந்தால் பரணுக்குள் எட்டி ஏறாமல் மேலிருந்து இறங்கலாம். வில்லைத் தோளில் மாட்டி ஏறாமல் கயிறு கட்டிப் பிறகு இழுங்கள்.

சீசன் முடிந்ததும் எல்லாவற்றையும் உருவுங்கள், எண்ணிப் பாருங்கள். விட்டுப்போன போல்ட்டை மரம் சில ஆண்டுகளில் விழுங்கிவிடும், பிறகு அதைக் கண்டுபிடிப்பது அறுவை மில்லின் வாள்தான். துளையின் வாயும் ஆண்டுதோறும் சுருங்கும். அடுத்த சீசனுக்கு முன் அதே பிட்டை ஒருமுறை உள்ளே விட்டு எடுங்கள். தூள் கறுத்து ஈரமாக வந்தால் அந்தத் துளையைக் கைவிட்டு ஒரு சாண் பக்கவாட்டில் புதிதாகப் போடுங்கள். இரண்டு மூன்று துளைகளில் அப்படி வந்தால் வேறு மரம் பாருங்கள்.