லீவுக்கு ஊருக்கு வரும் கொழும்புப் பிள்ளைகளுக்கு: கையில் காசு தங்க என்ன செய்யலாம்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். யார் வீட்டுப் பிள்ளை கொழும்பிலிருந்து வருகிறது, என்றைக்கு வருகிறது, போன முறை என்ன கொண்டுவந்தது. உங்களுக்குத் தெரியாமலே உங்கள் பெயரில் ஓடும் கணக்கு இது. புறக்கோட்டையில் துணிக்கடையிலோ வெள்ளவத்தையில் பலசரக்குக் கடையிலோ ஒரு வருசம் கால் கடுக்க நின்று சேர்த்த காசு நாலு நாள் லீவில் கரைந்துபோய், திரும்பிப் போக அம்மாவிடமே பஸ் காசு வாங்கும் பிள்ளைகளை நான் வருசா வருசம் பார்க்கிறேன். அம்மாவும் அதைச் சீட்டுக் கட்ட வைத்திருந்த காசிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பார். கஞ்சனாக இருப்பது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டு, நாலு பேர் பார்வைக்காகப் போகும் காசை மட்டும் எப்படி நிறுத்துவது என்று பார்ப்போம்.

முதலில், சம்பளத்தை வாய் திறந்து சொல்லுங்கள். இதுதான் கஷ்டமான வேலை, அதனால் இதிலிருந்தே தொடங்குவோம்.

நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது, 2026 ஜனவரியில் 30,000. அந்த 30,000இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,400 போனால், கைக்கு வருவது 27,600. (முதலாளி தன் பங்குக்கு 12 சதவீதம் போட வேண்டும். போடுகிறாரா என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா? போடவில்லை என்றால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். லீவில் வந்து வட்டிக்குக் காசு தேடுவதை விட அது நல்ல வேலை.) அதில் போடிங் (தங்கும் அறை) வாடகை, சாப்பாடு, ஃபோன் ரீலோட், பஸ். இப்போது தோட்டத்தை எடுங்கள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ஆகி, 2024இல் அடிப்படை மட்டும் 1,350 ஆனது. அந்த 1,350ஐயே வைத்துப் பார்த்தாலும், மாதத்தில் 25 நாள் வேலை கொடுத்து, 25 நாளும் பறிக்க வேண்டிய கொழுந்துக் கிலோ நிறைந்து முழுப் பேர் (முழு நாட்சம்பளம்) விழுந்தால் 33,750. அத்தனை நாள் வேலை கொடுக்கிறார்களா, கிலோ குறைந்த அன்றைக்கு அரைப் பேர்தானே என்று கேட்பீர்கள், சரிதான். ஆனாலும் கணக்கு கணக்குத்தான்: கொழும்பில் நிற்கும் மகனை விட மலையில் நிற்கும் அம்மா கூடச் சம்பாதிக்கும் மாதங்கள் உண்டு. ஊரில் இதை யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் மகன் ஜீன்ஸ் போட்டிருக்கிறான்.

வந்த அன்றைக்குச் சாயந்தரம் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) பாயைப் போட்டு உட்காருவீர்கள். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவிலிருந்து மாமா ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். "எப்ப வந்த மருமவனே, எத்தனை நாள் லீவு" என்று தொடங்கி, மழை, ரோட்டு, கொழும்பு வெக்கை எல்லாம் சுற்றி, பிளேன்டீ பாதி குடித்த பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "ஆமா, என்னா சம்பளம் தர்றானுங்க?" என்பார். பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் சிரித்து மழுப்பி, "பரவாயில்ல மாமா, நல்லாத்தான் தர்றாங்க" என்கிறார்கள். அந்த 'பரவாயில்ல' அடுத்த நாள் காலையில், "ஒரு அஞ்சு இருக்குமா, சம்பளத்துக்குத் தந்திர்றேன்" என்று திரும்பி வரும். அதற்குப் பதில் முதல் நாளே, "கைக்கு இருபத்தெட்டு வருது மாமா, போடிங்குக்கும் சாப்பாட்டுக்கும் பதினெட்டு போயிருது" என்று தொகையாகவே சொல்லிவிடுங்கள். "அட, அவ்வளவுதானா? அதுக்கு இங்கயே இருந்திருக்கலாமே" என்பார். குத்தத்தான் செய்யும். ஆனால் ராத்திரிக்குள் அந்தச் செய்தி லயம் முழுக்கப் போய்விடும், பிறகு உங்களிடம் கேட்க வருபவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே முட்டுப்பட்டவர்களாக இருப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது, வீட்டுக்குக் கொடுக்கும் காசு. அதை மடியில் கட்டிக்கொண்டு வராதீர்கள். பஸ் நெரிசலுக்காக மட்டும் சொல்லவில்லை (தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு விசேஷ பஸ் எத்தனை விட்டாலும், அவிசாவளை தாண்டியும் நின்றுகொண்டுதான் வர வேண்டும்). கையில் இருக்கும் காசு கண்ணுக்குத் தெரியும். தெரிந்த காசுக்கு ஆயிரம் சொந்தம். சம்பளம் வந்த அன்றைக்கே அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போட்டுவிடுங்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வங்கியில் விழுந்த காசை அக்கம்பக்கத்தார் யாரும் பார்க்கவில்லை. மகன் கொண்டுவந்து கையில் வைத்தான் என்று சொல்லிக்கொள்ள ஒரு காட்சி வேண்டாமா? அம்மாவுக்கும் அந்த ஆசை இருக்கும், அது தப்பும் இல்லை. ஆகவே ஒரேயொரு ஐயாயிரம் ரூபாய்த் தாளைத் தனியாக வைத்திருந்து, தீபாவளி அன்று காலையில் குளித்துப் புது உடுப்புப் போட்டு, நாலு பேர் இருக்கும்போது காலில் விழுந்து கொடுங்கள். அந்த ஒரு தாள் செய்யும் வேலையை வங்கியில் கிடக்கும் இருபதாயிரம் செய்யாது.

சாமான் விஷயத்தைச் சுருக்கமாகவே முடிக்கலாம். புறக்கோட்டை நடைபாதையில் அள்ளிக்கொண்டு வரும் சட்டைக்கும் சேலைக்கும் அண்ணன் தம்பிகள் ஹட்டன் நடைபாதையில் தொங்குகின்றன, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். விலை எல்லாம் ஊர்ப் பெண்களுக்கு மனப்பாடம். சித்தி சேலையை விரித்துப் பார்க்கும்போதே மனசுக்குள் விலை போட்டு முடித்திருப்பார். தைத்த உடுப்பு அளவு சரியில்லாமல் போவதும் வழக்கம்தான். பிள்ளைகளுக்கு மட்டும் வாங்குங்கள், பெரியவர்களுக்கு ஊரில் வந்து, அவர்களையே கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள். டவுனில் உங்களோடு நடந்து வருவதுதான் அவர்களுக்குப் பெரிய சந்தோசம். கேக் பெட்டி வேண்டவே வேண்டாம், ஐந்து மணி நேர வளைவில் அது களியாகிவிடும்.

இப்போது கேட்பவர்கள். கைமாற்றாகக் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் முகம் கொடுத்துப் பேச முடியும் என்கிற தொகை எவ்வளவோ அவ்வளவு கொடுங்கள், கொடுத்ததும் மறந்துவிடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலை சரிந்த பிறகு, வீடு இழந்து சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருந்தவர்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் வந்து நின்றால் இந்தக் கட்டுரையை எல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கொடுங்கள்.

உண்மையான ஆபத்து காசு கேட்பவரிடம் இல்லை, கையெழுத்துக் கேட்பவரிடம் இருக்கிறது. மச்சான் ஒருவர் லீசிங்கில் ஆட்டோ எடுக்கப் போகிறார். "காசு ஒண்ணும் வேணாம், சும்மா ஒரு சைன்தான், நீ கொழும்புல வேலை செய்றதால பேப்பர் ஈசியா போயிரும்" என்பார். காசு போகாதே என்று நிம்மதியாக நீங்களும் தலையை ஆட்டிவிடுவீர்கள். பிணை நின்றவர் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? மச்சான் கட்டாத தவணைக்கு நீங்கள்தான் பொறுப்பு. கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், எல்லாரும் கிரிப் என்கிறார்களே அதில்தான், நீங்கள் பிணை நின்ற கடனும் உங்கள் பெயரோடு நிற்கும். மூன்று வருசம் கழித்து நீங்கள் வீட்டுக்கு ஒரு சிலாப் போடக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது, மச்சானின் ஆட்டோ உங்களுக்கு முன்னாலேயே அங்கே போய் நிற்கும். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது: ஆள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று எழுதிய சீட்டு, அந்தக் கடனை அடைக்கிறவர்தான் அவரை அடுத்த தோட்டத்துக்குக் கூட்டிப் போகலாம். 1921இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். இப்போது அச்சடித்த படிவத்தில், அதுவும் பெரும்பாலும் இங்கிலீசில், பேனாவையும் அவர்களே கொடுத்து வாங்குகிறார்கள். மச்சானோடு மனஸ்தாபம் வரும்தான். "பிணை நிக்க மாட்டேன், ஆனா முதல் தவணைக்கு ஒரு அஞ்சு தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஐயாயிரத்தோடு தலை தப்பும்.

அம்மாவோ அக்காவோ பெண்கள் குழுவில் நுண்கடன் எடுத்திருந்தால், கோபப்படாமல், புத்தகத்தை வாங்கி வாரத் தவணை எவ்வளவு, எத்தனை வாரம் பாக்கி என்று உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். லீவில் செய்யக்கூடிய ஆக உருப்படியான காரியம் இதுதான் என்பேன். பல வீடுகளில் ஒரு கடனின் தவணை கட்ட இன்னொரு கடன் எடுத்திருப்பார்கள். புது டிவியின் தவணையை விட அந்தக் கடைசிக் கடனை முடிப்பதற்குத்தான் உங்கள் போனஸ் போக வேண்டும். அடகில் இருக்கும் நகையும் அப்படித்தான், டிக்கெட்டில் இருக்கும் முடிவுத் திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுதாக மீட்க முடியாவிட்டாலும் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துவிட்டுப் போனால் தோடு ஏலத்துக்குப் போகாது.

கோயில் கமிட்டியார் ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். வீட்டில் வேலைக்குப் போகிறவர்களின் செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவில்) கோயிலுக்கு ஏற்கனவே வெட்டுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு, அதற்கு மேல் மனசுக்குத் தோன்றியதைக் கொடுங்கள். மொய்யை மட்டும் குறைக்காதீர்கள், அது நோட்டில் ஏறி இருபது வருசம் நிற்கும்.

இன்னொரு செலவு இருக்கிறது, அது கொழும்பிலேயே ஆரம்பிக்கிறது. கூட வேலை செய்பவர்கள், "உங்க ஊர் செம குளிராமே, ஒரு ட்ரிப் போடுவோம்" என்பார்கள். ஏப்ரலில் நுவரெலியா சீசனுக்குக் கொழும்பே ஜாக்கெட் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்து, கிரகரி வாவியைச் சுற்றி நடந்து, நடுங்குவதற்குக் காசு கொடுத்துவிட்டுப் போகும். அறை வாடகை அந்த மாதத்தில் தொட முடியாது. உங்கள் நண்பர்கள் லயத்தைப் பார்த்து, "நீங்க கொடுத்து வைச்சவங்க, என்னா வியூ" என்று ஃபோட்டோ எடுப்பார்கள். கூரைத் தகரத்தின் மேல் கல் ஏன் வைத்திருக்கிறது என்று கேட்கமாட்டார்கள். வரச் சொல்லுங்கள், ஆனால் மே மாதத்துக்குப் பிறகு வாரநாளில் வரச் சொல்லுங்கள், வேன் காசைப் புறப்படும் முன்பே தலைக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுங்கள். ஊர்க்காரன் என்பதற்காக நீங்கள் விருந்தோம்பியே தீர வேண்டும் என்று அவர்கள் நினைப்பார்கள். ஒரு நேரச் சோறும் மாசிச் சம்பலும் போதும், அதையே கொழும்பு போய் ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் வீட்டாரை மட்டும் ஒருநாள் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போங்கள். வாழ்நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தும் விக்டோரியா பூங்காவுக்குள் கால் வைக்காத அம்மாக்களை எனக்குத் தெரியும். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு இ.போ.ச. (அரசாங்க) பஸ்ஸில் போனால் பெரிய செலவில்லை. இந்தச் செலவை மட்டும் எழுதி வைக்க வேண்டாம்.

கடைசியில் திரும்பும் பை. அம்மா பலகாரம், தேயிலைத்தூள், தோட்டத்தில் பிடுங்கிய லீக்ஸ், கரட், பீட்ரூட் என்று நிரப்புவார். பாரம் என்று மறுக்காதீர்கள். இதே கரட் மலையை விட்டு இறங்கி, பேலியகொடை சந்தையைச் சுற்றி, உங்கள் போடிங் வாசல் கடைக்கு வரும்போது விலை என்னவாகிறது என்று உங்களுக்கே தெரியும். இலையை வெட்டிவிட்டு, கழுவாமல் மண்ணோடு பத்திரிகைத் தாளில் சுற்றினால் ஒரு வாரம் நிற்கும். அதில் ஒரு கிலோவைத் தனியாக வைத்து, போய்ச் சேர்ந்த அன்றைக்கே போடிங் வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், வாடகை கூட்டுவதைப் பற்றி அடுத்த மாதம்தான் பேச்செடுப்பார்.