போர் வீரர்களின் மன அதிர்ச்சி பற்றி முதல் ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி?

"போரும் மனநலமும்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கட்டுரை நகரவே நகராது. எந்தப் போர், எந்த நாட்டு வீரர்கள், எந்தக் காலம், அவர்களைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதையெல்லாம் முதலில் முடிவு செய்யுங்கள். இங்கே வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களைப் பற்றி ஆய்வுகள் நிறைய உண்டு, ஆய்வாளர்களுக்குள் வாக்குவாதமும் உண்டு. புதிதாக எழுதுபவருக்கு அந்த வாக்குவாதம்தான் நல்ல தொடக்கம்.

அடுத்து, கேள்வி. "வியட்நாம் வீரர்கள் மனதளவில் பாதிக்கப்பட்டார்களா?" என்று கேட்டால் "ஆம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்ற கணக்கு ஏன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது?" என்று கேளுங்கள், பத்துப் பக்கம் தானாக வரும்.

தேடும்போது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரோடு நிற்காதீர்கள். அமெரிக்க அரசின் தேசிய பிடிஎஸ்டி (போர் போன்ற கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மன அதிர்ச்சி நோய்) மையம் 'பிடிஎஸ்டிபப்ஸ்' என்ற தரவுத்தளத்தை இலவசமாக வைத்திருக்கிறது. தேடும் சொல்லில் ஒரு கவனம் வேண்டும்: பிடிஎஸ்டி என்ற நோயறிதல் 1980இல்தான் மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டில் ஏறியது, போரோ 1975லேயே முடிந்துவிட்டது. அதனால் 1970களின் கட்டுரைகளில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது, 'வியட்நாமுக்குப் பிந்தைய நோய்க்குறி' போன்ற பழைய பெயர்களை ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள்.

இப்போது படிக்கும் வேலை, இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். 1983இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பெரிய ஆய்வுக்கு உத்தரவிட்டது. வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் 30.9 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது பிடிஎஸ்டி இருந்திருக்கிறது, ஆய்வு நடந்த சமயத்தில் 15.2 சதவீதம் பேருக்கு இருந்தது என்று அது சொன்னது. 2006இல் புரூஸ் டோரன்வெண்ட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அதே ஆய்வின் தரவை எடுத்து, ராணுவ ஆவணங்களோடு ஒப்பிட்டு, அன்றாட வாழ்க்கை எந்த அளவுக்குக் கெட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்து, சயின்ஸ் இதழில் வாழ்நாள் கணக்கு 18.7 சதவீதம், ஆய்வு நடந்த சமயத்துக் கணக்கு 9.1 சதவீதம் என்று எழுதினார்கள். உடனே "வீரர்கள் மிகைப்படுத்திச் சொன்னார்கள்" என்று எழுதிவிடாதீர்கள்! அப்படி மிகைப்படுத்தியதற்கான தடயம் மிகக் குறைவு என்றுதான் அதே குழு சொன்னது, சண்டையின் கடுமை கூடக் கூட நோயும் கூடியது என்றும் காட்டியது. எண் குறைந்ததற்கு முக்கியக் காரணம் அளவுகோல் இறுகியது.

ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு தாள் ஒதுக்கி, யாரைக் கேட்டார்கள், எந்த ஆண்டு, எதைக் கொண்டு அளந்தார்கள், 'எப்போதாவது' என்ற கணக்கா 'இப்போது' என்ற கணக்கா என்று குறித்துக்கொள்ளுங்கள். "வியட்நாம் வீரர்களில் 30.9 சதவீதம் பேர் பிடிஎஸ்டி நோயாளிகள்" என்ற வாக்கியம் தப்பு. "1980களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வின்படி, வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் 30.9 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது பிடிஎஸ்டி இருந்தது" என்பது சரி. நீளம்தான், பரவாயில்லை.

வீரர்களின் சொந்தக் குரல் வேண்டுமா? தெரிந்த முன்னாள் ராணுவ வீரர் யாரையாவது பிடித்து "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கக் கிளம்பாதீர்கள். ஆறிய புண்ணைக் கிளறிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், இரவு தூக்கம் போவது அவருக்கு. வழிகாட்டியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் நேர்காணல் வேண்டவே வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'வெட்டரன்ஸ் ஹிஸ்டரி புராஜெக்ட்' திட்டத்தில், பதிவு செய்ய விரும்பி முன்வந்தவர்களின் பேச்சு இணையத்திலேயே கிடைக்கிறது.

சரி, எழுத உட்காருவோம். முன்னுரையிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த இரண்டு கணக்குகளையும் ஒப்பிடும் நடுப்பகுதியை முதலில் எழுதுங்கள், அப்புறம் பின்னணி, அப்புறம் முடிவுரை, கடைசியாக முன்னுரையும் சுருக்கமும். எழுதும்போதே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தக் கட்டுரை, எந்தப் பக்கம் என்று போட்டுவிடுங்கள்.