பைக்கின் முன் மட்கார்டை மாற்றிப் பொருத்தும் முறை

பிரேக் ஹோஸையும் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் பிடித்திருக்கும் கிளிப்புகளைக் கழற்றிய பிறகே, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இருபுறமும் உள்ள மட்கார்டு போல்ட்டுகளை, பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனரால், தளர்த்த வேண்டும். பழைய மட்கார்டின் துளைகளில் உலோகப் புஷ்கள் (போல்ட் நுழையும் சிறு குழாய் வளையங்கள்) இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவை இல்லாமல் முறுக்கினால், பிளாஸ்டிக் மட்கார்டில் போல்ட் தலையைச் சுற்றி மயிரிழையாக விரிசல் விடும். புதியதை வைத்து, எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் பாதிவரை மட்டும் ஏற்றுங்கள். கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும், வண்டி நிறுவனத்தின் அசல் அல்லாத வெளிச்சந்தை மட்கார்டில் ஒரு துளையாவது விலகி நிற்பதுண்டு. அப்போது போல்ட்டைச் சாய்த்துத் திணிக்காமல், துளையை வட்ட அரத்தால் சற்று அகலப்படுத்துவதே நல்லது. ஏனெனில் ஃபோர்க்கின் அலுமினிய மரை கெட்டால், அதைச் சரிசெய்யும் செலவு மட்கார்டின் விலையையே தாண்டக்கூடும். சக்கரத்தைச் சுழற்றியும், ஹேண்டிலை இருபுறமும் திருப்பியும், முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை அழுத்தியும், டயரோ ஹோஸோ எங்கும் உரசவில்லை என்று பார்த்தபின் இறுக்குங்கள்.