முழங்கை அரிப்புக்கு குடலில் மருந்து

முழங்கை இரண்டிலும் ஒரே மாதிரி பொடிக் கொப்புளங்கள். அரிப்பு தாங்காமல் சொறிவதால் பொருக்குதான் மிஞ்சும். எந்தக் களிம்புக்கும் மசியவில்லை. தோல் மருத்துவர் கொப்புளத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த நல்ல தோலில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் படிவு அங்கேதான் தெளிவாகத் தெரியுமாம். முடிவு: டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்துக்குக் குடலில் கிளம்பும் எதிர்ப்பு தோலில் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் எனக்கு வயிற்றுத் தொந்தரவே கிடையாது!

டாப்சோன் மாத்திரையில் அரிப்பு சில நாளிலேயே அடங்கியது. ஆனால் அது குடலைச் சரிசெய்யாது. குளூட்டனை அடியோடு நிறுத்தி, மாதக்கணக்கில் பொறுத்த பிறகே மாத்திரையைக் குறைக்க முடிந்தது. சோயா சாஸ் லேபிளைக்கூட இப்போது படிக்காமல் விடுவதில்லை. அப்புறம், சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போய்விடலாம்.