தோண்டியெடுத்த காசைக் கெடுக்கும் தவறுகள்

முதல் தவறு பெரும்பாலும் குழியருகிலேயே நடந்துவிடுகிறது. என்ன எழுத்து, யார் தலை என்று பார்க்கிற அவசரத்தில் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை மோஸ் அளவில் (1 மிக மென்மை, 10 மிகக் கடினம்) 7. செம்பும் வெள்ளியும் 3-ஐத் தாண்டாது. கீறல் விழாமல் என்ன செய்யும்? மண்ணோடு அப்படியே சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

மெட்டல் டிடெக்டரில் சிக்குபவற்றில் அதிகம் பாழாவது செம்பும் வெண்கலமும்தான். பச்சைக் களிம்பை அழுக்கு என்று நினைத்து வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறப்போடுகிறார்கள். நெடுங்காலம் மண்ணில் கிடந்த காசின் எழுத்தும் உருவமும் பல நேரம் அந்தக் களிம்புப் படலத்தில்தான் நிற்கும். அடியில் இருப்பது அரித்துப்போன உலோகம். அமிலம் களிம்பைக் கரைத்துவிட்டால் இளஞ்சிவப்பாக, குழிகுழியாக ஒரு தகடு மிஞ்சும். எந்த வித்தையாலும் அதை மீட்க முடியாது. ஆலிவ் எண்ணெயிலும் அமிலம் உண்டு, வேகம் குறைவு, அவ்வளவே.

காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள், தினமும் நீரை மாற்றுங்கள். குழாய் நீரில் உலோகத்தை அரிக்கும் குளோரைடு உண்டு. மண் இளகியதும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மூங்கில் பல்குச்சியால் மெல்ல நெம்புங்கள். கம்பித் தூரிகை பக்கத்திலேயே வேண்டாம்.

வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்து, துடைத்த பிறகும் திரும்ப வந்தால் அது சாதாரணக் களிம்பு அல்ல, வெண்கல நோய். உள்ளே தங்கிய குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில், ஈரப்பதம் 35 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி வைத்தால் அடங்கும்.

வெள்ளியில் கறுப்பை நீக்க அலுமினியத் தாள், வெந்நீர், சமையல் சோடா போதும் என்பார்கள். கறுப்பு போகும், கூடவே பழைய நிறமும் போய், மேற்பரப்பு மங்கிய வெள்ளையாகிவிடும். வளைந்திருந்தால் நிமிர்த்தாதீர்கள், மண்ணில் கிடந்த பழைய வெள்ளி சட்டென ஒடியும். தங்கத்துக்குத் தண்ணீரே போதும்.

இரும்பில் தவறு நேர்மாறானது: வெயிலில் காயவைப்பது. உப்பு படிகமாகி, துரு அடுக்கடுக்காக உரிந்து வரும். ஈரம் போகாமல் பொதிந்து பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். ஈயத்தை உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி நஞ்சு; மரப்பெட்டியில் வைத்தால் மரத்தின் அமில ஆவியில் வெள்ளையாகப் பொரியும்.

கடைசியாக, பி.வி.சி. என்ற மென்மையான பிளாஸ்டிக் உறைகள். நாளாக ஆக அவற்றிலிருந்து பச்சைப் பிசின் கசிந்து காசில் ஒட்டும். மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறை வாங்குங்கள்.