உடற்பருமனும் உறக்க மூச்சுத்தடையும்: மயக்க மருந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிகுந்த உடற்பருமன் உள்ளவரிடம் "தூக்கத்தில் குறட்டை உண்டா?" என்று கேட்டு, "உண்டு" என்ற பதிலை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவதுதான் முதல் தவறு. குறட்டையின் நடுவே மூச்சு நின்றுபோவதை நோயாளி அறியமாட்டார், பக்கத்தில் படுப்பவரே அறிவார் என்பதால், அவரையும் அழைத்து விசாரிக்க வேண்டும். 2008-இல் டொரான்டோ மருத்துவர்கள் வெளியிட்ட ஸ்டாப்-பேங் எனும், மூச்சுத்தடைக்கான வாய்ப்பை மதிப்பிடும் எட்டுக் கேள்விகளில் மதிப்பெண் 5-ஐ எட்டினால், தூக்க ஆய்வு நடந்திராவிட்டாலும் மூச்சுத்தடை இருப்பதாகவே கொண்டு ஏற்பாடுகளைச் செய்வது பாதுகாப்பானது.

மேசையில் தட்டையாகப் படுக்கவைத்து மயக்கத்தைத் தொடங்குவதும் ஆபத்தானது. வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலில் தங்கும் காற்று குறைந்து, மூச்சு நின்ற சிறிது நேரத்திலேயே இரத்தத்தில் ஆக்ஸிஜன் சரிந்துவிடும். காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தோளையும் தலையையும் உயர்த்தி, ஆக்ஸிஜனைச் சுவாசிக்கச் செய்து, வெளிமூச்சில் அது 90 சதவீதத்தை நெருங்கிய பிறகே தொடங்க வேண்டும். மருந்துகளை மொத்த எடைக்குக் கணக்கிடுவதும் பிழையே; மயக்கத்தைத் தொடங்கும் புரொபோஃபாலைக் கொழுப்பு நீங்கிய எடைக்கே கணக்கிடுவார்கள். தசைத் தளர்வு மருந்தான சக்சமெத்தோனியம் இதற்கு விலக்கு; அதை மொத்த எடைக்கே கணக்கிடுவார்கள்.

என் பார்வையில், இவற்றைவிடக் கொடியது அறுவை முடிந்த பிறகு நடக்கும் தவறுதான். நோயாளி முழுமையாக விழித்து, தசைத் தளர்வு மருந்தின் விளைவு நீங்கியதைக் கருவி உறுதிசெய்யும் முன்பே மூச்சுக்காகத் தொண்டைவழி செருகிய குழாயை எடுத்துவிட்டு, வலிக்கு மார்ஃபினும் கொடுத்து, மல்லாந்து படுக்கவைத்து, ஆக்ஸிஜன் முகமூடி மாட்டி வார்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 98 காட்டுவதைக் கண்டு எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் கூடுதல் ஆக்ஸிஜன் செல்லும்போது, மூச்சு மந்தமாகி கரியமில வாயு ஏறிக்கொண்டிருப்பதை அந்த எண் வெகுநேரம் காட்டிக்கொடுக்காது. மூச்சின் எண்ணிக்கையையும் உறக்கக் கலக்கத்தின் ஆழத்தையும் செவிலியர் அடிக்கடி பார்த்துக் குறித்துவர வேண்டும்; வசதி இருந்தால் வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராபியும் வைக்கலாம். பாராசிட்டமால், நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி ஆகியவற்றை முன்னிறுத்தினால் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளின் தேவையே பெரிதும் குறையும்.

உறக்கத்தில் காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியை வீட்டில் பயன்படுத்துபவரிடம் அதைக் கொண்டுவரச் சொல்ல மறப்பவர்கள் பலர். அறுவைக்குப் பின் முதல் இரவில் குறைந்துபோகும் கனவு உறக்கம் அடுத்துவரும் இரவுகளில் மிகுதியாகத் திரும்பும்போது மூச்சுத்தடையும் கடுமையாகக்கூடும் என்பதால், தலைப்பக்கம் உயர்த்திய படுக்கையும் அந்தக் கருவியும் மூன்றாம் இரவிலும் அவருக்குத் தேவைப்படும்.