மைக்கை விடாதவரை இறக்கிய கதை

ஓபன் மைக், அதாவது யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடை ஏறும் நிகழ்ச்சி, நடத்த ஆரம்பித்த புதிதில் ஒருவர் 5 நிமிடம் என்று மேடை ஏறி 17 நிமிடம் ஆகியும் இறங்கவே இல்லை, நான் ஓரத்தில் நின்று கையை ஆட்டியதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார் போல. கடைசியில் மைக்கை ஆஃப் செய்துவிட்டேன். தப்பு. மனிதர் மைக் இல்லாமலே கத்தி முடித்தார், அடுத்துப் பாட வந்த பெண்ணுக்குப் பாதிக் கூட்டம்தான் மிச்சம்.

இப்போது பெயர் எழுதும்போதே சொல்லிவிடுகிறேன்: 4ஆவது நிமிடம் பின்வரிசையிலிருந்து டார்ச் ஒருமுறை மின்னும், 5 ஆனால் விடாமல் மின்னும். அதற்கும் அசையாவிட்டால், அவர் மூச்சு விடும் இடைவெளியில் நானே கைதட்டிக்கொண்டு மேடை ஏறுவேன். கூட்டமும் சேர்ந்து தட்டும், அவரும் வணக்கம் வைத்து மைக்கை நீட்டிவிடுவார். திட்டுவதெல்லாம் அப்புறம், தனியாக.

அதே ஆள் போன வாரமும் வந்தார். 6 நிமிடம். சரி, பரவாயில்லை.